பலாப்பலகையும் அங்கயற்கண்ணி என்கிற பெயரும்

சின்னமனூரிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் தூங்கிப்போகாமல் வருகிறவர்களுக்குத் தெரியும், ஊத்துமேடு வருவதற்கு முன்னால் ஊத்துமேட்டின் காற்று வந்துவிடும். ஏலமும் காப்பிப் பூவும் ஈரமண்ணும் கலந்த அந்தக் காற்று ஜன்னல் வழியே முகத்தில் ஏறிய பிறகுதான் கண்டக்டர் விசில் அடிப்பார். அப்பேர்ப்பட்ட எங்கள் ஊரில்தான், சாரல் தொடங்குகிற ஆனி மாதத்தில், மதுரைப் பக்கமிருந்து வந்த அங்கயற்கண்ணி ஒரு மெஸ் போட்டாள், மெஸ்ஸுக்கு வாங்கிய பெயர்ப்பலகை துளிர்விட்டது, துளிர்விட்ட பலகையில் அவள் பெயர் ஒட்டமாட்டேன் என்றது, பிறகு ஒட்டியது. பலகை ஏன் துளிர்த்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நாங்களே யாரும் கேட்டதில்லை.

அங்கயற்கண்ணி புருஷன் வீட்டை விட்டு வந்தவள். அந்த வீட்டில் மாமியார் அவளை "ஏய்" என்றாள், புருஷன் "இந்தா" என்றான், அக்கம்பக்கத்தார் "லேத்துக்காரர் சம்சாரம்" என்றார்கள், இப்படியே இருபது வருஷம் போனதில் யாராவது அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரில் காப்பிக்கொட்டை வியாபாரம் செய்கிற அண்ணன் வீரணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வீரணன் நல்ல மனுஷன்தான், என்ன, நல்லது செய்யும்போதுகூடக் குரலை உயர்த்தித்தான் செய்வார். ரோட்டோரமிருந்த தன் கட்டடத்தின் முன்பக்கத்தை ஒழித்துக் கொடுத்து, "சமையல் வருமுல்ல? சமைச்சுப் பொழைச்சுக்க" என்றார்.

சமையல் வந்தது. பலாக்கொட்டையும் மொச்சையும் போட்டு அவள் வைத்த குழம்பின் வாசனையில் மேகமலைக்குப் போகிற ஜீப்புகள் தானாக நின்றன. பெயர்ப்பலகைதான் பாக்கி.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஸ்டிக்கர், நம்பர் பிளேட், போர்டு எல்லாம் செய்கிற சிக்கந்தர் கடை இருக்கிறது. சிக்கந்தருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது, தெரியாத விஷயம் வந்தால் அதைத் தெரிந்த மாதிரியே சொல்லுவான், தப்பாகிவிட்டால் அடுத்ததை இன்னும் சத்தமாகச் சொல்லுவான். அவன்தான் யோசனை சொன்னான்: பலாமரப் பலகை, அதன் மேல் சிவப்பு அக்ரிலிக் எழுத்து, சுற்றுலா வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள்.

"பேருதான்க்கா கொஞ்சம் நீளம். வளைவுல வண்டிய ஒடிச்சுக்கிட்டே படிக்கணும்ல? 'கயல் மெஸ்'னு போட்டுருவோம். நச்சுன்னு இருக்கும்."

"கயலு யாரு?"

"நீங்கதான்க்கா. சுருக்கமா."

"என்னையச் சுருக்குனது போதும் தம்பி. முழுசாப் போடு."

முழுசாகவே வெட்டிக்கொண்டு வந்தான். எட்டு எழுத்து, அப்புறம் மெஸ், அதுபோகப் புள்ளிகள் தனித்தனி வட்டமாக, மெருகு போட்ட மாதிரி பளபளவென்று. சாப்பாட்டு மேஜையில் அவற்றைப் பரப்பி வைத்து அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததை நாங்கள் பார்த்தோம், எங்களில் சிலர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

வாசலின் இரண்டு கல்தூண்களுக்கும் நடுவில் பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, எழுத்துகளைத் திருகாணி போட்டு முடுக்கலாமென்று சிக்கந்தர் துளையிட்டான். முதல் துளையிலேயே 'அ'வின் வயிற்றில் கீறல் விழுந்தது. "அக்ரிலிக்குக்கு இது ஆகாது, நாளைக்குப் பசையோட வர்றேன்" என்று போனான். மறுநாள் காலையில் பசையோடு வந்து பார்த்தால் பலகையின் இடது மூலையில் இரண்டு இலை விட்டிருந்தது.

பால்காரர்தான் முதலில் பார்த்தவர். பார்த்துவிட்டு, "எலை விட்டுருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினார். பலா என்றால் அப்படித்தான், பிடிவாதம் பிடித்த மரம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; இழைக்கும்போதே மேலாக இழைத்திருப்பார்கள், உயிர் உள்ளேயே நின்றிருக்கும் என்று தச்சர் சொன்னார்; எருவை எங்கே போடுவது, வேர் இல்லையே என்பதுதான் காப்பித் தோட்டத்துக்காரர்களின் கவலையாக இருந்தது, கடைசியில் கரைத்துத் தெளித்தால் போதும் என்று முடிவு செய்து தெளித்தார்கள். தேன்சிட்டு ஒன்று சங்கிலியில் கூடு கட்டப் பார்த்தது. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வந்தவர், பலகை என்றால் ரோட்டுப் பக்கம் நீட்டக்கூடாது, மரம் என்றால் தொடக்கூடாது, இது எதில் சேர்த்தி என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒரு சாப்பாடு சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு, வெயிலடித்தால் பலகை, மழை பெய்தால் மரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பலகை மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், விரிந்ததில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளும், இப்படி நாளுக்கு நாள் நீண்டது. அதில் ஆணி அடிப்பது என்கிற பேச்சையே அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. உயிருள்ளதில் எவன் ஆணி அடிப்பான்?

அதனால் பசைதான் வழி. எந்தப் பசை என்பதில்தான் ஆனி போய் ஆடி வந்தது.

சிக்கந்தர் முதலில் கொண்டுவந்தது ஒரு சொட்டு விட்டால் மறு நொடி ஒட்டிக்கொள்கிற சின்ன டியூப் பசை. ஒட்டியது. எழுத்தின் ஓரமெல்லாம் மாவுக்கையால் தொட்ட மாதிரி வெள்ளை பூத்ததைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் சாரல் பிடித்தது, பலகை விரிந்தது, பசை விரியவில்லை. எழுத்துகள் காய்ந்த புளியம்பழத்தைப்போலப் படபடவென்று உதிர்ந்தன, ஆடிக்காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போனது. அம்மியே பறக்கிற காற்றில் அக்ரிலிக் எந்த மூலைக்கு?

அடுத்து வந்தது செருப்புக்கும் மைக்காவுக்கும் போடுகிற மஞ்சள் பசை. "இது இளக்கமா இருக்கும்க்கா, பலகை எப்படி வளைஞ்சாலும் கூடவே வளையும்" என்றான். அதுவும் நிஜம்தான். வெயில் ஏறியதும் இளகிய பசை இன்னும் இளகி, 'ங்' மெல்ல வழுக்கி வந்து பலகையின் அடிவிளிம்பில் ஒரு நாள் தங்கியது, 'ற்' தன் புள்ளியைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே போனது, சாயங்காலம் பார்த்தால் பெயர் பாதி பலகையிலும் பாதி வாசல் கோலத்திலும் கிடந்தது.

உதிர்ந்த எழுத்துகளை நாங்கள்தான் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தோம். அதுவும் பழகிப்போனது எங்களுக்கு. பூக்கட்டுகிற பேச்சி வந்து, "மதினி, உங்க 'ய' எங்க கீரைப்பாத்தியில கெடந்துச்சு, கழுவிக் கொண்டாந்தேன்" என்பாள். டீக்கடையில் ஒருவர் கிளாஸின் அடியில் தட்டுப்பட்டதை எடுத்துப் பார்த்து, "அங்கயற்கண்ணி மெஸ் புள்ளிப்பா, பத்திரமா வையி" என்பார். ஒரு 'ணி' ஜீப்பின் கூரையில் ஏறிச் சின்னமனூர் போய், சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஜீப்பில் திரும்பி வந்து இறங்கியது. முன்பு யாரும் சொல்லாத அவள் பெயரை இப்போது ஊரே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது, அதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெயர் நிற்கவில்லை, புருஷனை விட்டு வந்தவள் பெயர் எப்படி நிற்கும் என்று சந்தையில் யாரோ சொன்னது வீரணன் காதுக்குப் போனது. வேகமாக வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன் கேளு. உருண்டு உருண்டு புரண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும். பலகையே வேணாங்குது, நீ எதுக்கு மல்லுக்கட்டுற?"

"பசை சரியில்லண்ணே."

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்போம். அன்னைக்கு உம் பேரு நின்னா இது உங்கடை. நிக்கலன்னா எம் மகன் பேரப் போட்டு நானே நடத்துறேன். உன்னைய யாரும் வெளிய போகச் சொல்லல. நீ பாட்டுக்கு அடுப்படியில இரு."

அடுப்படியில் இரு என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு அவள் முகம் இருண்டதை நாங்கள் பார்த்தோம். இருபது வருஷம் அவள் இருந்தது அங்கேதான்.

சிக்கந்தருக்கு ரோஷம் வந்துவிட்டது. தேனிக்குப் போய், இரண்டு டியூபைச் சரிபாதி பிசைந்து போடுகிற கெட்டிப் பசையைக் கொண்டுவந்தான். "இது இரும்பையே ஒட்டும்க்கா. கல்லு மாதிரி ஆயிரும். இனிமே எழுத்தப் பிரிக்கணும்னா பலகைய ஒடைக்கணும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். எழுத்துகளின் பின்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவுகிற மாதிரித் தடவி அழுத்தினான். மறுநாள் வீரணன் வந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "ம், நின்னுருச்சு" என்று ஒப்புக்கொண்டு போனார். முகூர்த்தத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அங்கயற்கண்ணி அன்று எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள்.

பிறகு மழை வந்தது. பலகை எங்கும் விரிந்தது, எழுத்துகளின் அடியில் மட்டும் விரிய முடியவில்லை. விரிகிற இடமும் விரியாத இடமும் இழுத்த இழுப்பில் பலகை எண்ணெயில் போட்ட அப்பளமாக வளைந்தது, முனகியது, மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். 'க'வுக்குப் பின்னால் வெடிப்பு விட்டு, அதிலிருந்து பலாப்பால் கசிந்து சிவப்பு எழுத்தின் மேல் வெள்ளையாக வழிந்தது. இலைகள் தொங்கிப்போயின.

அவள் அடுப்படிக்குள் போனாள். தோசைத்திருப்பியை நெருப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் ஏறி, எழுத்துக்குப் பின்னால் நுழைத்து நெம்பினாள். வீரணன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏத்தா, கிறுக்கா ஒனக்கு? நின்ன பேரப் பிக்கிற!"

"அதுக்கு வலிக்குதுண்ணே."

"பலகைக்கு என்ன வலி? ஒட்டிருச்சுல்ல, விடு!"

"இந்த மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தவதாண்ணே நானு," என்றாள் அங்கயற்கண்ணி. "எனக்குத் தெரியும்."

வீரணன் குடையை எடுத்து மடக்கினார், ஆனால் முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைத் தானே உடைத்தவளை அன்றுதான் பார்த்தோம், சொல்வதற்கென்ன, அவளை அன்றைக்குப் பிடித்த மாதிரி எங்களுக்கு அதற்கு முன்னால் யாரையும் பிடித்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டுச் சுட்டு எடுத்தாள், விரல் பொத்துப்போனது, எழுத்துகளில் பாதி உடைந்தே வந்தன. உடைந்தவற்றைச் சிக்கந்தர் பையில் போட்டுக்கொண்டு, புதுசு வெட்டிக்கொண்டுவர அடுத்த பஸ்ஸில் ஏறினான். வெடிப்பில் அவள் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினாள். மறுநாளே இலைகள் நிமிர்ந்தன.

தேனியிலிருந்து திரும்பிய சிக்கந்தர் மெஸ்ஸில் சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால் கை கழுவுகிற தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அடைத்திருந்த ரப்பர் மாதிரியான வஸ்துவை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கினால் போனது, விட்டால் வந்தது.

"அக்கா, இந்தத் தொட்டி எத்தன நாளா இருக்கு?"

"கட்டடம் கட்டுன காலத்துலருந்து."

"வெந்நி ஊத்துறீங்க, பச்சத்தண்ணி ஊத்துறீங்க, பெரியபெரிய அண்டாவ வச்சு இடிக்கிறீங்க. விட்டுச்சா?"

"விடலயே."

சிலிக்கான் என்று எல்லோருக்கும் தெரிந்த சாமான்தான். அதைக் கண்ணாடிக்காரர்களும் பாத்ரூம் போடுகிறவர்களும் வைத்திருப்பார்கள் என்பதால் போர்டு போடுகிறவனுக்கு நினைவுக்கு வரவில்லை. ஹார்டுவேர் கடையில் இரண்டு வகை இருந்தது, இரண்டையும் வாங்கிவந்து மேஜையில் வைத்தான். அங்கயற்கண்ணி இரண்டையும் மோந்து பார்த்தாள். ஒன்று கெட்டுப்போன காடி மாதிரிப் புளித்த வாடை அடித்தது, மற்றதில் வாடை இல்லை. "புளிச்சது பச்சை மரத்துக்கு ஆகாது, இத வையி" என்று வாடை இல்லாததை எடுத்துக் கொடுத்தாள். அவன் வழக்கம்போலப் பின்பக்கம் முழுக்க அப்பப் போனான். "அப்பாத. பொட்டுப்பொட்டா வையி. அதுக்கு மூச்சு விட எடம் வேணும்ல?" என்றாள். அதோடு எழுத்து பலகையை ஒட்டி நெருங்கிவிடாமல் இடையில் தீக்குச்சிகளைச் செருகி, பசை இறுகிய பிறகு உருவிவிடலாம் என்று அவனுக்கே தோன்றியது. அப்படியே செய்தார்கள். அழகாக நின்றது, பலகை விரிந்தபோது கூடவே போனது, சுருங்கியபோது கூடவே வந்தது, எங்களுக்கெல்லாம் கைதட்டத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் எல்லா எழுத்தும் பொத்துப்பொத்தென்று விழுந்தன.

சிக்கந்தர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தெரியலக்கா" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை, பஸ் ஸ்டாப்பிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். முகூர்த்தத்துக்கு நடுவில் இரண்டே பகல்தான் இருந்தது. அங்கயற்கண்ணி விழுந்த எழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பசைப் பொட்டுகள் எழுத்தில் அப்படியே கெட்டியாக இருந்தன, எழுத்தை அவை விடவில்லை, பலகையைத்தான் விட்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சி கையில் சின்னக் கிண்ணத்தோடு வந்தாள், கிண்ணத்தில் விரலைத் தொட்டாள், பலகையில் ஒரு பொட்டு வைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பேச்சி, அது என்ன?"

"நல்லெண்ணெயும் மஞ்சளும் மதினி. தெனமும் வைக்கிறதுதான்."

"தெனமுமா?"

"எலை விட்ட நாள்லருந்து. நான் மட்டுமா, ஊரே வைக்குது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுல்ல?"

அங்கயற்கண்ணி பலகையில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கை தாளித்து முடித்த கையாக மினுங்கியது.

ஆமாம். பால்காரர் வைத்தார், தச்சர் வைத்தார், பஞ்சாயத்து ஆபீஸ்காரர் போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றும் வைத்தார், வீரணன் வீட்டம்மா புருஷனுக்குத் தெரியாமல் வைத்தாள். பாவம், அவள் பெயர் நிற்க வேண்டுமே என்று ஆளாளுக்குச் சாமியை வேண்டிக்கொண்டு எண்ணெய் வைத்திருந்தோம், கெட்டிப் பசையைப் பிய்த்த பிறகு வேண்டுதல் கூடக்கூட எண்ணெயும் கூடிக்கொண்டே போனது, எண்ணெயில் எந்தப் பசை ஒட்டும்? அன்று ஊத்துமேட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வருத்தப்பட்டது கொஞ்ச நேரம்தான். எண்ணெய் வைக்கத் தெரிந்தவர்களுக்கு எண்ணெயை எடுக்கத் தெரியாதா? தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போடுகிற அரப்பை வீட்டுக்கு வீடு அள்ளிக்கொண்டு வந்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், தலைதீபாவளி மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி அந்தப் பலகைக்கு நுரைக்க நுரைக்க அரப்புத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், இலைகளின் முதுகுவரை தேய்த்தார்கள். பொழுது பொறுமையாக வெயில் அடித்துக் கொடுத்தது. காய்ந்ததும் சிக்கந்தர் உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, "இனிமே யாரும் தொடக்கூடாது, சாமியா இருந்தாலும் சரி" என்று பலகைக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. விரல் நமநமத்தது. பேச்சி கிண்ணத்தோடு வந்து, நின்று, பலகையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் ஏணிக்கு ஒரு பொட்டு வைத்தாள். அடுத்து வந்தவர் சிலிக்கானை அழுத்துகிற துப்பாக்கிக்கு வைத்தார். அதற்கு அடுத்தவர் சிக்கந்தரின் செருப்புக்கு வைத்தார். "ஏம்ப்பா, நான் பள்ளிவாசலுக்குப் போகணும், சட்டையில வச்சுராதீங்க" என்று அவன் சிரித்துக்கொண்டே பொட்டுப்பொட்டாகப் பசையை வைத்தான், தீக்குச்சிகளைச் செருகினான், எழுத்து நழுவாமல் காகித டேப்பால் பிடித்துக்கட்டினான்.

கடைசிப் புள்ளியை வைத்து முடிக்கவும் மேற்கே கறுத்தது. இறுகுவதற்குள் மழை நேராக அடித்தால் எல்லாம் போச்சு. யாரும் சொல்லாமலே வீடுகளிலிருந்து குடைகள் வந்தன, குடைகள் காற்றில் மடங்கின, அப்போதுதான் காப்பிக்கொட்டை காயப்போடுகிற பெரிய தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீரணன் வந்தார். "நிக்காது, நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு மூலையைச் சிக்கந்தர் கையில் கொடுத்தார், ஒரு மூலையைப் பால்காரரிடம், ஒன்றைத் தச்சரிடம், நாலாவதைத் தானே பிடித்துக்கொண்டார். மழை கொட்டியது. தோளில் தண்ணீர் வழிய வழிய நின்று, "நிக்காதுப்பா இது" என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார், மூலையை மட்டும் விடவில்லை. அங்கயற்கண்ணி பிடித்தவர்கள் வாயில் சுக்குக் காப்பியை ஊட்டாத குறையாக ஊற்றினாள்.

முகூர்த்தத்தன்று காலையில் டேப்பைப் பிரித்தார்கள். மேளம் சொல்லியிருந்தோம், மேளக்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்த வீரணன் நேராகப் போய் 'அ'வைப் பிடித்து இழுத்தார். எழுத்து கொஞ்சம் அவரோடு வந்தது. விட்டார். திரும்பப் போய்த் தன் இடத்தில் நின்றது. இன்னும் பலமாக இழுத்தார், சங்கிலி கிறீச்சிட்டது, பலகையே தூணோடு ஆடியது, ஓர் இலை உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது, 'அ' அசைந்து கொடுத்தது, விடவில்லை. ஒவ்வொன்றாக எட்டையும் இழுத்தார், புள்ளிகளை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"ஒட்டுற மண்ணு ஒட்டும்னு நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா?" என்று எங்களைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். இலை போடச் சொன்னார். சாம்பாருக்குச் சோறு வாங்கி, குழம்புக்கு வாங்கி, நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று கையை நிறுத்தி, "அங்கயற்கண்ணி, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையும் தேடவில்லை. ரசம் ஊற்றினாள், பாதி இலைக்கு வெளியே போனது, வீரணன் அதையும் வழித்துக்கொண்டார். வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது.

அதெல்லாம் நடந்து பல சாரல் போய்விட்டது. பலகை வளர்வதை நிறுத்தவில்லை. தூண்களைத் தாண்டியது, பேச்சி பூக்கட்டுகிற இடத்தைத் தாண்டியது, டீக்கடையைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் வரை போனது. தொங்காமலிருக்க வீட்டுக்கு வீடு தங்கள் வாசலில் ஒரு முட்டுக்கால் நட்டுக் கொடுத்தார்கள், கொடுக்க வாசல் இல்லாதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பலகை நீள நீள எழுத்துகள் ஒன்றையொன்று விட்டு விலகின, ஆனால் ஒன்றுகூட விழவில்லை. முதலில் நடுவில் ஒரு கை நுழையும், பிறகு ஓர் ஆள் நுழையலாம், இப்போது 'ய'வுக்கும் 'ற்'றுக்கும் நடுவில் ஒரு ஜீப் நிற்கிறது, அதன் மேல் பலாக்காய் தொங்குகிறது, காய் யார் வாசலில் காய்த்தாலும் கூட்டு மெஸ்ஸில்தான். ஊத்துமேட்டில் யாரும் சந்தைக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போவதென்றால் அவள் பெயருக்கு அடியில் நடந்துதான் போக வேண்டும். மழை பெய்தால் நனையாமலும் போகலாம்.

போன வாரம் மேகமலைக்குப் போகிற கார் ஒன்று பஸ் ஸ்டாப்பில் நின்றது. ஓட்டிவந்தவர் கண்ணாடியை இறக்கி, அங்கே உட்கார்ந்திருந்த வீரணனிடம் மெஸ் எங்கே என்று விசாரித்தார். வீரணன் எழுந்து, தலைக்கு மேலிருந்த 'அ'வை விரலால் காட்டினார்.

"இங்கன ஆரம்பிக்குதுங்க. எழுத்தப் படிச்சுக்கிட்டே நடங்க. கடைசி எழுத்துக்குக் கீழதான் சோறு."

"நடக்குற தூரம்தானே?"

"கொஞ்சம் நடக்கணும்ங்க," என்றார் வீரணன், வழக்கத்தைவிடச் சத்தமாக. "எந்தங்கச்சி பேரு பெருசு."